ஷி ஜின்பிங் வருவதற்கு 1,300 ஆண்டுகளுக்கு முன்பே சீனாவுக்குத் தூது: யார் இந்த ராஜசிம்ம பல்லவன்?

2019 அக்டோபர் 11. வேட்டி, சட்டை, தோளில் துண்டு என வந்த பிரதமர் மோதி, சீன அதிபர் ஷி ஜின்பிங்கை மாமல்லபுரத்தில் வரவேற்றார். அர்ச்சுனன் தபசு, வெண்ணெய் உருண்டைப் பாறை, ஐந்து ரதங்கள் எல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு, இருட்டும் நேரத்தில் இருவரும் கடற்கரைக் கோயிலுக்கு வந்தார்கள். விளக்கொளியில் அந்தக் கோயிலின் முன் இருவரும் நிற்கும் படம் உலகம் முழுக்கப் போனது.

அந்தக் கோயிலுக்குள் மூன்று சன்னதிகள் இருக்கின்றன. கிழக்கு பார்த்த பெரிய சிவன் சன்னதிக்கு க்ஷத்ரியசிம்மேஸ்வரம் என்று பெயர். மேற்கு பார்த்த சின்ன சன்னதி ராஜசிம்மேஸ்வரம். இரண்டுக்கும் நடுவில் பெருமாள் படுத்திருக்கும் இடத்தின் பெயர் நரபதிசிம்ம பல்லவ விஷ்ணுகிருகம். மூன்றுமே சாமி பெயர் இல்லை. ஒரே மனிதரின் மூன்று பட்டப் பெயர்கள்.

அந்த மனிதர் இரண்டாம் நரசிம்மவர்மன். வரலாற்றில் ராஜசிம்மன் என்றால்தான் சட்டென்று தெரியும். கி.பி. 720-ல் சீனாவின் தாங் பேரரசருக்குத் தூது அனுப்பிய தமிழ்நாட்டு மன்னர் இவர்தான். தூதுவர்கள் கொண்டுபோனது என்ன, கேட்டது என்ன, வாங்கி வந்தது என்ன என்பதெல்லாம் சீன அரசவைப் பதிவுகளில் இருக்கிறது. ஆனால் அந்தப் பதிவைச் சீனர்கள் படிக்கும் விதமும் நாம் படிக்கும் விதமும் ஒன்றில்லை. சிக்கலே அங்கேதான்.

மாமல்லன் வேறு, ராஜசிம்மன் வேறு

இரண்டு பேருமே நரசிம்மவர்மன் என்பதால் குழப்பம் வருவது சகஜம். முதலாம் நரசிம்மவர்மன்தான் மாமல்லன். சாளுக்கியரின் தலைநகரான வாதாபியை 642-ல் பிடித்தவர். கல்கியின் சிவகாமியின் சபதம் நாவலால் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர். சீன யாத்ரிகர் யுவான் சுவாங் 640 வாக்கில் காஞ்சிபுரத்துக்கு வந்தது இவருடைய ஆட்சியில்தான். நூறு பௌத்த மடங்கள், பத்தாயிரம் துறவிகள் இருந்த ஊர் என்று காஞ்சியைப் பற்றி அவர் எழுதி வைத்தார். காஞ்சி என்ற பெயர் சீனாவில் புதிதல்ல என்பதற்காக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மாமல்லனின் மகன் இரண்டாம் மகேந்திரவர்மன். அவர் மகன் முதலாம் பரமேஸ்வரவர்மன். அவருடைய மகன்தான் நம்ம ராஜசிம்மன். அதாவது மாமல்லனுக்குக் கொள்ளுப் பேரன். ஆட்சிக்காலம் சுமார் 700 முதல் 728 வரை என்பது பாடப்புத்தகக் கணக்கு. 690-களிலேயே அரியணை ஏறிவிட்டார் என்று கணக்கிடும் ஆய்வாளர்களும் உண்டு.

வாதாபியை எரித்ததற்கான பழி அடுத்த தலைமுறைகள் மேல் விழுந்தது. சாளுக்கிய மன்னர் முதலாம் விக்ரமாதித்தன் படையோடு தெற்கே இறங்கி, 674-ல் காவிரிக் கரையின் உறையூர் வரை வந்து முகாம் போட்டார். காஞ்சியும் கைவிட்டுப் போனது. பரமேஸ்வரவர்மன் விடவில்லை. திருச்சிக்குப் பக்கம் பெருவளநல்லூரில் திருப்பி அடித்து நாட்டை மீட்டார். ராஜசிம்மன் வளர்ந்தது இப்படிப்பட்ட வீட்டில். எதிரி எப்போது வேண்டுமானாலும் வடக்கிலிருந்து வரலாம் என்று தெரிந்த வீடு.

ஆனால் அவர் காலத்தில் பெரிய போர் எதுவும் நடந்ததாகத் தெளிவான பதிவு இல்லை. கிடைத்த அமைதியை அவர் இரண்டு விஷயங்களில் போட்டார். ஒன்று கல். இன்னொன்று கடல்.

வயலூர் தூண் சொல்வது

கல்பாக்கத்துக்குத் தெற்கே, பாலாறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வயலூர் என்று ஒரு கிராமம். இன்றைய செங்கல்பட்டு மாவட்டம். அங்கே ஒரு கல் தூண் கிடைத்தது. அதில் பிரம்மாவில் தொடங்கி வரிசையாகப் பல்லவ மன்னர்களின் பெயரை அடுக்கிக்கொண்டே வந்து ராஜசிம்மனில் முடிக்கும் நீண்ட வம்சாவளி இருக்கிறது. பல்லவர் வரலாற்றை எழுதுபவர்கள் இன்றும் சரிபார்க்கும் பட்டியல் அது.

இந்தப் பட்டியலை ஏன் ஒரு ஆற்று முகத்துவாரத்தில் பொறித்தார்கள்? அது சும்மா ஒரு மூலை இல்லை. பாலாறுதான் காஞ்சிக்குக் கடல் வாசல். வயலூருக்கு அருகில் வசவசமுத்திரம் என்ற இடத்தில் 1970-ல் தமிழ்நாடு தொல்லியல் துறை தோண்டியபோது ரோமானிய மது ஜாடிகளின் துண்டுகள் கிடைத்தன. பல்லவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே வெளிநாட்டுக் கப்பல் வந்து போன கரை. அதே கல்வெட்டில் தீவுகள் வரை அவர் ஆணை சென்றதாக ஒரு குறிப்பு வருகிறது. அது லட்சத்தீவுகளைக் குறிக்கிறது என்று சிலர் வாசிக்கிறார்கள். அப்படியே எடுத்துக்கொள்ளாவிட்டாலும், மன்னரின் பார்வை கடல் மேல் இருந்தது என்பது மட்டும் உறுதி.

பல்லவர் கப்பல் படைக்கு ஏற்கெனவே பழக்கமான வேலைதான் இது. அரியணை இழந்து காஞ்சியில் அடைக்கலம் புகுந்திருந்த இலங்கை இளவரசன் மானவர்மனுக்குக் கப்பல் படை கொடுத்து அனுப்பியவர் மாமல்லன். பல்லவர் உதவியோடு அவர் மீண்டும் இலங்கை மன்னரானார். கடல்மல்லைத் துறையில் யானைகளையும் மணிகளையும் சுமந்து கப்பல்கள் நின்றதைத் திருமங்கை ஆழ்வார் பாடியிருக்கிறார். யானை ஏற்றுமதி என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

மூன்று வருடப் பஞ்சமும் ஒரு துறவியும்

ராஜசிம்மன் கதையில் ஒரு முக்கிய ஆள் வஜ்ரபோதி. 671 வாக்கில் பிறந்த தென்னிந்திய பௌத்தத் துறவி. நாளந்தாவில் படித்தவர். இவருடைய வாழ்க்கையைச் சீனச் சீடர்கள் விரிவாக எழுதி வைத்திருக்கிறார்கள். அதில் காஞ்சி மன்னரும் வருகிறார். பெயர் நரசிம்ம போத்தவர்மன் என்பதன் சீன உச்சரிப்பில் இருக்கிறது.

காஞ்சியில் மூன்று வருடம் மழை இல்லை. மன்னர் வஜ்ரபோதியை வரவழைத்து மழைக்காக வேண்டச் சொன்னார். மழை வந்தது என்கிறது அந்த நூல். மழை துறவியால் வந்ததா, பருவத்தால் வந்ததா என்பது அவரவர் நம்பிக்கை. ஆனால் பஞ்சம் நிஜம் போலத் தெரிகிறது. ராஜசிம்மன் அவையில் இருந்த வடமொழி எழுத்தாளர் தண்டியும் காஞ்சியைப் பாழாக்கிய ஒரு பஞ்சத்தைப் பற்றித் தன் அவந்திசுந்தரி கதையில் எழுதியிருக்கிறார். போர், பஞ்சம் காரணமாக அவரே ஊரைவிட்டுப் போய்ப் பல காலம் அலைந்திருக்கிறார்.

அதே நூலில் தண்டி மாமல்லபுரத்துக்கு வந்த கதையும் இருக்கிறது. கடல் அலை தொடும் இடத்தில் படுத்திருக்கும் பெருமாள் சிலையின் கை உடைந்துபோய், லலிதாலயர் என்ற சிற்பி அதை ஒட்டுத் தெரியாமல் சரிசெய்தாராம். அந்த வேலையைப் பார்க்கத்தான் தண்டி நண்பர்களோடு போனார். உடைந்த சிலையை ஒட்டவைத்த ஒரு சிற்பியின் பெயர் 1,300 வருடம் தாண்டி நமக்குத் தெரிவது ரொம்ப அபூர்வம். அது கடற்கரைக் கோயிலுக்குள் இப்போதும் இருக்கும் பெருமாளாக இருக்கலாம் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து.

வஜ்ரபோதிக்கு வருவோம். சீனா போக வேண்டும் என்று அவர் மன்னரிடம் சொன்னார். கடல் வழி ஆபத்து என்று மன்னர் முதலில் தயங்கினார். துறவி பிடிவாதமாக இருக்கவே, தன் தளபதி ஒருவரைத் தூதராகக் கூட அனுப்பினார். மகாபிரஞ்ஞாபாரமிதா என்ற பௌத்த நூலின் வடமொழிப் பிரதி, ரத்தினம் பதித்த பொருட்கள், வாசனைப் பொருட்கள் ஆகியவை சீனப் பேரரசருக்கான பரிசுகள். சிவசூடாமணி என்று தன்னை அழைத்துக்கொண்ட தீவிர சைவ மன்னர் பௌத்த நூலைப் பரிசாக அனுப்புகிறார். எதிராளிக்கு எது பிடிக்கும் என்று தெரிந்து செய்த வேலை.

முதல் நிறுத்தம் இலங்கை. அங்கே ரத்தினம் வாங்க வந்த பாரசீக வணிகர்களின் 35 கப்பல்கள் நின்றிருந்தன. அவற்றோடு சேர்ந்து கிழக்கே புறப்பட்டார்கள். அடுத்து இன்றைய இந்தோனேசியாவின் சுமத்ராவில் இருந்த ஸ்ரீவிஜயம். அங்கே ஐந்து மாதம் காற்றுக்காகக் காத்திருந்தார்கள். அதன்பின் புயல். மற்ற கப்பல்கள் எல்லாம் சிதறிப்போக, வஜ்ரபோதி ஏறிய கப்பல் மட்டும் தப்பியது என்கிறது அவருடைய வாழ்க்கைக் குறிப்பு. மூன்று வருடம் கழித்து 719-ல் சீனாவின் குவாங்சோ துறைமுகம், 720-ல் தலைநகரம். வஜ்ரபோதி திரும்பி வரவேயில்லை. 741-ல் சீனாவிலேயே காலமானார். ஜப்பானின் ஷிங்கோன் பௌத்தப் பிரிவு இன்றும் அவரைத் தன் ஆதி குருமார்களில் ஒருவராக வணங்குகிறது.

720: பேசும் கிளியோடு ஒரு தூதுக்குழு

அதே 720-ல் சீன அரசவைப் பதிவில் தென்னிந்தியத் தூதுக்குழு ஒன்று வருகிறது. வஜ்ரபோதியோடு போன தளபதியும் இதில் இருந்தாரா, இது தனிக் குழுவா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை. அனுப்பிய மன்னரின் பெயர் மட்டும் தெளிவு: ஸ்ரீ நரசிம்ம போத்தவர்மன்.

அப்போது சீனாவை ஆண்டவர் தாங் வம்சத்தின் ஷுவான்சோங். 712-ல் பட்டத்துக்கு வந்தவர். தாங் பேரரசின் உச்சம் என்று சொல்லப்படும் காலம். தலைநகர் சாங்கான், இன்றைய சியான் நகரம், அன்று உலகின் மிகப் பெரிய நகரங்களில் ஒன்று.

காஞ்சித் தூதர்கள் பேரரசருக்குக் கொடுத்தது ஐந்து நிறமுள்ள, பேசத் தெரிந்த ஒரு கிளி. கிளி எந்த மொழியில் பேசியது என்று பதிவில் இல்லை. காஞ்சியில் பழக்கிய கிளி என்றால் தமிழோ சமஸ்கிருதமோ பேசியிருக்கலாம். அது நம் ஊகம்.

கிளிக்குப் பின்னால் வந்ததுதான் பெரிய விஷயம். தன் போர் யானைகளையும் குதிரைப் படையையும் கொண்டு அரேபியர்களையும் திபெத்தியர்களையும் தாக்கத் தயார், அந்தப் படைக்குப் பேரரசரே ஒரு பெயர் வைத்துத் தர வேண்டும் என்று பல்லவ மன்னர் கேட்டிருந்தார்.

காஞ்சிக்கும் திபெத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இல்லை. ஆனால் சாங்கானுக்கு இருந்தது. மத்திய ஆசியாவில் பட்டுப் பாதையைக் காப்பாற்ற தாங் பேரரசு திபெத்தியர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. மேற்கிலிருந்து அரேபியப் படைகள் நெருங்கிக்கொண்டிருந்தன. 712 வாக்கில் அரேபியர்கள் சிந்துப் பகுதியைப் பிடித்திருந்தார்கள். பேரரசரின் தலைவலி யார் யார் என்பது காஞ்சிக்குத் தெரிந்திருக்கிறது. துறைமுகத்தில் வந்து போகும் பாரசீக, சீன, மலாய் வணிகர்கள் வழியாகச் செய்தி வந்திருக்க வேண்டும். அந்தக் கால உளவுத் தகவல் அப்படித்தான் நடந்தது.

சரி, மாமல்லபுரம் யானைகள் உண்மையிலேயே திபெத் எல்லைக்குப் போக முடியுமா? இலங்கைக்கோ ஸ்ரீவிஜயத்துக்கோ யானையைக் கப்பலில் அனுப்புவது நடக்கிற காரியம். பாமீர் மலைக்கு அனுப்புவது நடக்காது. அனுப்பியதாக எந்தப் பதிவும் இல்லை. இரண்டு பக்கமும் இது தெரிந்தே பேசியிருக்கிறார்கள் என்றுதான் தோன்றுகிறது. இது படை ஒப்பந்தம் அல்ல. நாங்கள் உங்கள் பக்கம் என்று சொல்வதற்கான ஒரு மரியாதையான வழி. இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. தாங் வரலாறு இரண்டு முறை தொகுக்கப்பட்டது. பழைய தொகுப்பு, பல்லவர் தன் படையைத் தருவதாகச் சொன்னார் என்கிறது. புதிய தொகுப்பின் வாசகம், சீனாவிடம் அவர் படை உதவி கேட்டார் என்று படிக்கும்படி இருக்கிறது. கொடுப்பவரா, கேட்பவரா என்பதே ஒரு எழுத்தில் மாறிவிடும்.

ஷுவான்சோங்குக்கு மகிழ்ச்சி. அந்தப் படைக்கு ஹுவாய்தே என்று பெயர் வைத்தார். அறத்தைப் போற்றும் படை என்று பொருள் சொல்லலாம்.

தூதர் அதோடு விடவில்லை. எங்கள் பக்கத்து மக்களுக்கு அங்கியும் இடைவாருமே பெரிய கௌரவம் என்று நாசூக்காகச் சொல்லிப் பார்த்தார். வேலை நடந்தது. ஜரிகை அங்கி, தங்க இடைவார், மீன் சின்னப் பை, கூடவே ஏழு பொருட்கள் கிடைத்தன. மீன் சின்னப் பை என்பது தாங் அரசில் உயர் அதிகாரிகள் அரண்மனைக்குள் போக வர வைத்திருந்த அடையாளம். இன்றைய ஐடி கார்டு மாதிரி. நம் ஊர்ப் பக்கம் பரிவட்டம் கட்டுவதில் இருக்கும் பெருமை புரிந்தவர்களுக்கு, அந்தத் தூதர் ஏன் அங்கியைக் கேட்டார் என்பதும் புரியும்.

செப்டம்பர் வாக்கில் இன்னொரு கோரிக்கை பதிவாகியிருக்கிறது. சீனாவின் பொருட்டு மன்னர் ஒரு கோயில் கட்டியிருக்கிறார், அதற்குப் பேரரசரிடமிருந்து பெயர்ப்பலகை வேண்டும் என்பது அது. பேரரசர் குய்ஹுவா என்று பெயர் கொடுத்தார். அந்த ஆண்டின் கடைசியில் சீனத் தரப்பிலிருந்து தூதர் வந்து, நரசிம்ம போத்தவர்மனைத் தென்னிந்தியாவின் மன்னர் என்று முறைப்படி அறிவித்தார்.

யார் யாருக்குக் கொடுத்த கௌரவம்?

இங்கேதான் இரண்டு கதைகள் பிரிகின்றன.

சீன அரசவையின் கணக்கில் உலகத்தின் நடுவில் பேரரசர் இருக்கிறார். வெளியிலிருந்து யார் வந்தாலும் அது திறை செலுத்த வந்தது. வணிகக் குழு வந்தாலும் திறை, பரிசு வந்தாலும் திறை. பதிலுக்குப் பேரரசர் பட்டம் கொடுப்பார். கொடுத்த பெயர்களையே பாருங்கள். ஹுவாய்தே என்றால் பேரரசரின் நற்பண்பை நினைத்து நெருங்கி வருபவர்கள் என்ற தொனி. குய்ஹுவா என்றால் சீனப் பண்பாட்டின் பக்கம் திரும்பி வந்து சேர்வது. இன்றைக்கும் சீனாவிலும் ஜப்பானிலும் வெளிநாட்டுக்காரர் குடியுரிமை பெறுவதற்கு இதே சொல்தான். அதாவது காஞ்சி மன்னர் எங்களிடம் வந்து அடங்கினார் என்று பெயரிலேயே எழுதிவிட்டார்கள்.

காஞ்சியின் பக்கத்திலிருந்து பார்த்தால் இது வேறு மாதிரி. பல்லவர் கல்வெட்டுகளில் சீனாவுக்கு அடங்கியதாக ஒரு வரிகூட இல்லை. சொல்லப்போனால் சீனாவைப் பற்றியே பேச்சில்லை. ராஜசிம்மன் வேறு எந்தப் பேரரசரையும் தனக்கு மேலே வைத்துக் கல்லில் வெட்டியவர் அல்ல. காஞ்சி கைலாசநாதர் கோயிலின் சுற்றுச் சன்னதிகளில் அவர் தன் பட்டங்களை வெட்டி வைத்திருக்கிறார். சுமார் 250. ரணஜயன், ஸ்ரீபரன், அத்யந்தகாமன், சித்ரகார்முகன், ஆகமப்பிரியன், வீணையில் நாரதன் என்று போய்க்கொண்டே இருக்கிறது. ஒரே பட்டத்தை வெவ்வேறு எழுத்து வடிவங்களில் திரும்பத் திரும்பப் பொறித்திருக்கிறார்கள். பட்டப் பைத்தியம் என்று கிண்டலாகச் சொல்பவர்கள் உண்டு. அந்த 250-ல் சீனப் பேரரசர் கொடுத்தது எதுவும் தனித்து நிற்கவில்லை.

அப்படியென்றால் எதற்கு இவ்வளவு மெனக்கெட்டு அந்தப் பட்டத்தை வாங்கினார்? ஒரு பழைய பதிவைப் பார்த்தால் காரணம் புலப்படுகிறது. இதற்குச் சுமார் 30 ஆண்டுகளுக்கு முன், 691 வாக்கில், இந்தியாவின் ஐந்து திசை மன்னர்களும் தூது அனுப்பியதாகச் சீனப் பதிவு ஒன்று இருக்கிறது. அதில் தென்னிந்திய மன்னர் என்று குறிக்கப்பட்டவரின் பெயர், சீன எழுத்தில், சாளுக்கிய வல்லபன். ஆம், உறையூர் வரை வந்து பல்லவர்களை அலைக்கழித்த அதே சாளுக்கியர்கள். உலகத்தின் மிகப் பெரிய அரசவையில் தென்னிந்தியா என்றால் வாதாபி என்று எழுதியிருந்த இடத்தில், 720-ல் காஞ்சி என்று எழுத வைத்தார் ராஜசிம்மன். ஒரு வாள் எடுக்கவில்லை. ஒரு கிளி, ஒரு யானைப் பேச்சு, ஒரு கோயில். அவ்வளவுதான்.

கையோடு கடல் வணிகமும் இருந்தது. ஸ்ரீவிஜயம் வழியாகச் சீனத் துறைமுகம் போகும் கப்பலுக்கு, பேரரசர் அங்கீகரித்த மன்னரின் நாட்டுக் கப்பல் என்ற பெயர் சும்மா இல்லை. தாங் அரசு வெளிநாட்டு வணிகத்தைத் தூதுறவின் வழியாகத்தான் பெரும்பாலும் நடத்தியது. பட்டத்தைச் சீனர் பதிவேட்டில் எப்படி எழுதினாலும், சரக்கு இறங்குவதற்கு அது உதவியிருக்கும்.

அந்தச் சீனக் கோயில் எங்கே?

ராஜசிம்மன் சீனாவுக்காகக் கட்டிய கோயில் எது என்று இதுவரை யாரும் உறுதியாகக் காட்டவில்லை. நாகப்பட்டினத்தில் 19-ஆம் நூற்றாண்டு வரை மூன்றடுக்குச் செங்கல் கோபுரம் ஒன்று நின்றது. ஐரோப்பியர்கள் அதைச் சீனா பகோடா என்றார்கள், உள்ளூரில் புதுவெளி கோபுரம் என்ற பெயரும் இருந்தது. ராஜசிம்மன் கட்டியது இதுதான் என்று சிலர் சொன்னார்கள். ஆனால் 14-ஆம் நூற்றாண்டுச் சீனப் பயணி வாங் தாயுவான், இந்தக் கரையில் இருந்த ஒரு செங்கல் கோபுரத்தில் 1267-ல் சீனர்கள் எழுதிய வாசகம் இருந்ததாகக் குறித்திருக்கிறார். அது நாகப்பட்டினத்துக் கோபுரமாக இருந்தால், காலம் ராஜசிம்மனுக்கு 500 வருடங்களுக்கும் பின்னால் போகிறது. கோபுரமே இருந்தால் ஆராய்ந்து பார்க்கலாம். கிறிஸ்தவ மிஷனரிகள் 1867-ல் அரசு அனுமதியோடு அதை இடித்துவிட்டார்கள்.

குகையை விட்டு வெளியே வந்த கோயில்

தூதுவை மட்டும் சொல்லிவிட்டு இந்த மன்னரை முடிக்க முடியாது. அவர் கட்டியதுதான் இன்றும் நம் கண்முன் நிற்கிறது.

அவருக்கு முன்னால் பல்லவர்கள் பெரும்பாலும் பாறையைக் குடைந்தார்கள் அல்லது பாறையையே ரதமாகச் செதுக்கினார்கள். கல்லை வெட்டி எடுத்து, அடுக்கி, உயரமான விமானம் எழுப்பும் முறையைத் தமிழகத்தில் பெரிய அளவில் நிலைநாட்டியவர் ராஜசிம்மன். கடற்கரைக் கோயில், மாமல்லபுரத்தின் முகுந்தநாயனார் கோயில், விழுப்புரம் மாவட்டத்துப் பனமலைக் கோயில், காஞ்சி கைலாசநாதர் எல்லாம் அந்த வரிசை. தூணின் அடியில் பின்னங்காலில் எழுந்து நிற்கும் சிங்கத்தைப் பார்த்தால், பெரும்பாலும் அது ராஜசிம்மன் பாணி. பேரே சிம்மன்தானே.

மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் புலிக்குகை பார்க்கப் போகிறவர்கள், பக்கத்திலேயே இருக்கும் அதிரணசண்ட மண்டபத்தைத் தவற விடக்கூடாது. அதிரணசண்டன் என்பதும் இவருடைய பட்டம்தான். ஒரே வாசகத்தை பல்லவ கிரந்தத்திலும் நாகரியிலும் இரண்டு பக்கச் சுவர்களில் பொறித்திருக்கிறார்கள். வடக்கிலிருந்து வருபவருக்கும் படிக்கத் தெரிய வேண்டும் என்று நினைத்திருக்கிறார். இந்தக் கல்வெட்டுகளையும் பட்டங்களையும் வைத்து, மாமல்லபுரத்தின் எல்லாச் சின்னங்களுமே ராஜசிம்மனுடையவை என்று தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி 1962-ல் வாதிட்டார். மாமல்லனின் பெயரில் இருக்கும் ஊரே கொள்ளுப் பேரனின் படைப்பா என்ற அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை.

கைலாசநாதர் கோயிலோடு ஒரு பக்திக் கதையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காஞ்சியில் மன்னர் கற்கோயில் கட்டி முடித்துக் குடமுழுக்குக்கு நாள் குறிக்கிறார். அன்று நான் திருநின்றவூரில் பூசலார் கட்டிய கோயிலுக்குப் போக வேண்டும், உன் விழாவை வேறு நாளில் வை என்று சிவன் கனவில் வந்து சொல்கிறார். மன்னர் திருநின்றவூருக்கு ஓடுகிறார். அங்கே கோயிலே இல்லை. காசில்லாத பூசலார் மனதுக்குள்ளேயே கல் கல்லாகக் கட்டி முடித்திருந்தார். பெரியபுராணத்தில் வரும் இந்த மன்னர் ராஜசிம்மன்தான் என்பது பொதுவான கருத்து. கைலாசநாதர் கல்வெட்டும், இந்தக் கலியுகத்தில் வானத்துக் குரலைக் கேட்டவர் என்று அவரைச் சொல்கிறது. 250 பட்டம் வைத்திருந்த மன்னரின் பெயர், பெரியபுராணம் படிக்கும் வீடுகளில் பட்டமே இல்லாத ஒரு ஏழையின் கதைக்குள்தான் வாழ்கிறது.

மகன் போனான், வம்சமும் போனது

கைலாசநாதர் கோயிலின் முன்பகுதியில் ஒரு சின்னக் கோயில் மகேந்திரேஸ்வரம். கட்டியவர் ராஜசிம்மனின் மகன் மூன்றாம் மகேந்திரவர்மன். ராணி ரங்கபதாகையும் அந்த வளாகத்தில் ஒரு சன்னதி எடுத்தார். பட்டத்துக்கு வரவேண்டிய மகேந்திரன் தந்தைக்கு முன்பே இறந்துபோனதாகத் தெரிகிறது. சுமார் 728-ல் ராஜசிம்மன் மறைந்த பிறகு இன்னொரு மகன் இரண்டாம் பரமேஸ்வரவர்மன் வந்தார். இரண்டு, மூன்று வருடம்தான். சாளுக்கியரும் கங்கரும் சேர்ந்து தாக்கியதில் அவர் கொல்லப்பட்டார்.

சிம்மாசனம் காலி. நேர் வாரிசு இல்லை. காஞ்சியின் பெரியவர்கள் பல்லவக் கிளைக் குடும்பம் ஒன்றைத் தேடிப்போய், 12 வயதுப் பையனை அழைத்து வந்து முடி சூட்டினார்கள். அவர்தான் இரண்டாம் நந்திவர்மன். கடல் தாண்டிய தென்கிழக்கு ஆசியாவிலிருந்து அவர் வந்தார் என்று சிலர் நம்புகிறார்கள், பலர் மறுக்கிறார்கள். அழைத்து வந்த கதை முழுக்க காஞ்சி வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் சிற்பமாக இருக்கிறது.

சாளுக்கியர் சும்மா இருக்கவில்லை. 740 வாக்கில் இரண்டாம் விக்ரமாதித்தன் படையோடு காஞ்சிக்குள் நுழைந்தார். நூறு வருடத்துக்கு முன் வாதாபி எரிந்ததற்குக் கணக்குத் தீர்க்கும் நேரம். ஊரை எரிக்கவில்லை. ராஜசிம்மன் கட்டிய கைலாசநாதர் கோயிலுக்குப் போய்ப் பார்த்தார். கோயிலின் தங்கத்தைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தார். இதைக் கன்னடத்தில் அந்தக் கோயிலின் ஒரு தூணிலேயே வெட்டி வைத்துவிட்டுப் போனார். பிறகு அவருடைய ராணி லோகமகாதேவி, கர்நாடகத்தின் பட்டடக்கல்லில் அந்த வெற்றியின் நினைவாக ஒரு கோயில் எழுப்பினார். இன்றைய விருபாட்சர் கோயில். விமானம், மதில், சுற்றுச் சன்னதி எல்லாம் காஞ்சி கைலாசநாதரைப் பார்த்து வைத்த அமைப்பு.

மாமல்லபுரமும் பட்டடக்கல்லும் இப்போது யுனெஸ்கோ பட்டியலில் இருக்கின்றன, 1984-லும் 1987-லும் சேர்ந்தவை. கைலாசநாதர் கோயிலின் கன்னடத் தூணைப் பார்க்க வேண்டுமென்றால் கருவறைக்கு முன்னால் இருக்கும் மண்டபத்தில் தேட வேண்டும். செங்கல்பட்டிலிருந்து காஞ்சிக்கு ரயிலும் பேருந்தும் இருக்கின்றன.